ஆறு வற்றியதால் கிணறு வற்றியதா, கிணறு வற்றியதால் ஆறு வற்றியதா?

நொய்யல்கரை:
சூலூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். அப்பா காலத்தில் ஐப்பசி மழை ஓய்ந்து தை மாதம் வரை நொய்யலில் தண்ணீர் ஓடும். கிணற்றை எட்டிப் பார்த்தாலே தண்ணீர் தெரியும். ஆறு நின்றது, கிணறும் வற்றிவிட்டது. ஆற்றிலும் குளத்திலும் தண்ணீர் விட்டால் கிணறு தானாக ஊறும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஊற்றுக்கண்:
வரிசை தலைகீழ் அண்ணா. மழை நின்று இரண்டு மாதம் கழித்து ஆற்றில் ஓடிய தண்ணீர் எது? இரண்டு கரையிலும் மண்ணுக்குள் இறங்கிய மழைதான் மெல்லக் கசிந்து ஆற்றுக்கு வந்தது. கிணற்று நீர்மட்டம் ஆற்றுப் படுகையைவிட உயரமாக இருந்தவரை நிலம் ஆற்றுக்குக் கொடுத்தது. மட்டம் படுகைக்குக் கீழே போனதும் ஆற்றுத் தண்ணீரை நிலம் குடிக்க ஆரம்பித்தது. கிணற்றில் இறைக்கும் தண்ணீர் வேறெங்கோ குறைந்தே தீரும் என்று அமெரிக்க நிலத்தடி நீர் அறிஞர் தைஸ் 1940-லேயே எழுதிவிட்டார். இங்கே குறைந்தது நொய்யலில்.

நொய்யல்கரை:
அடியில் நீரோட்டம் தனியாகப் போகிறது தம்பி. எங்கள் ஊரில் தேங்காய் வைத்துப் பார்த்த இடத்தில் 200 அடியிலேயே தண்ணீர். பத்தடி தள்ளி போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டவருக்கு 900 அடி வரை தண்ணீரே இல்லை, வெறும் பாறைத்தூள் புகை. கீழே ஆறு ஓடாமல் இது எப்படி?

ஊற்றுக்கண்:
பத்தடியில் அவ்வளவு வித்தியாசம் வரும், அதை மறுக்கவில்லை. நம் ஊர் கருங்கல் பூமி. பாறைக்குள் தண்ணீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும். துளை வெடிப்பைத் தொட்டால் தண்ணீர், தப்பினால் புகை. யாழ்ப்பாணத்தைப் போலச் சுண்ணாம்புப் பாறை என்றால் மழைநீர் அதைக் கரைத்துக் குகையும் பொந்துமாக ஆக்கிவிடும், அங்கே தண்ணீர் தாராளமாக ஓடும். கருங்கல் அப்படிக் கரையாது.

இன்னொன்று. உங்கள் போர்க்குழியில் காதை வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? உள்ளே அருவி விழுகிற சத்தம் கேட்டால், அது மேல் ஊற்றுத் தண்ணீர். பழைய கிணற்றுக்கு வரவேண்டியது நேராகப் பாதாளத்துக்குப் போகிறது. ஆற்றில் எவ்வளவு விட்டாலும் அந்தத் துளை குடித்துவிடும்.

பாலாற்றங்கரை:
இரண்டு பேரும் மணலை விட்டுவிட்டீர்கள். பாலாற்றில் மேலே சொட்டுத் தண்ணீர் இல்லாத கோடையிலும் கையால் தோண்டினால் ஊறும். மணலில் கால் பங்குக்குக் குறையாமல் இடைவெளி, அத்தனையும் தண்ணீர் தங்கும் இடம். எங்கள் தாத்தாக்கள் ஊற்றுக்கால், அதாவது மணலில் ஊறும் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால், வெட்டி அதைக் கொண்டே பயிர் செய்தார்கள். மணலை அள்ளிய பிறகு வெள்ளம் வந்தாலும் இரண்டே நாளில் கடலுக்குப் போய்விடுகிறது. கரையோரக் கிணறுகள் போனதற்கு என் கண்ணால் கண்ட காரணம் அதுதான். ஆறு, கிணறு இரண்டும் ஒன்றாகவே போயின.

நொய்யல்கரை:
அந்த அருவிச் சத்தம் எங்கள் போரில் கேட்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அது மேல் ஊற்று என்று இதுவரை நினைக்கவில்லை. ஆனாலும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி, பவானித் தண்ணீர் 1,045 குளம் குட்டைகளுக்கு என்று வந்திருக்கிறதே. குளம் நிரம்பினால் பக்கத்துக் கிணறு ஏறத்தானே செய்யும்?

ஊற்றுக்கண்:
ஏறும், சந்தேகமே இல்லை. மேல் 60, 80 அடியில் இருக்கும் உளுத்த பாறை பஞ்சு மாதிரி உறிஞ்சி வைக்கும். அதைத் திறந்த கிணற்றிலிருந்து மட்டும் இறைத்தால் நிற்கும். சுற்றிலும் ஆயிரம் அடி போர்கள் இருந்தால் ஒரு பட்டத்துக்குக்கூடத் தாங்காது. வறண்டுபோன போரையாவது மூடிவிடுங்கள் அண்ணா.

நொய்யல்கரை:
இரண்டு போர் அப்படிக் கிடக்கின்றன, மூடுகிறேன். ஓடுகிற போரை நிறுத்தச் சொன்னால் தென்னை கருகிவிடும், அதற்கு நான் உடன்படமாட்டேன். நாளைக் காலையில் கிணற்றில் கயிறு விட்டு, ஆற்றுப் படுகையோடு ஒப்பிட்டு மட்டம் எவ்வளவு என்று இங்கேயே போடுகிறேன்.