தீபாவளி வெடியும் வீட்டுப் பிராணிகளும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தாம்பரத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி பிறந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கத் தொடங்கிவிடும். 2019ஆம் ஆண்டு தீபாவளியன்று மாலை, பக்கத்து வீட்டார் பலகாரத் தட்டுடன் வந்தபோது நான் வெளிக்கதவைத் திறந்தேன். அதே நொடியில் தெருமுனையில் ஓர் அணுகுண்டு வெடிக்க, எங்கள் நாட்டு நாய் செவலை என் கால்களுக்கிடையே புகுந்து ஓடிவிட்டாள். மூன்றாம் நாள், மழைநீர் வடிகாலின் கல்மூடிக்கு அடியில், உள்ளங்கால் தோல் உரிந்த நிலையில் அவளைக் கண்டெடுத்தோம். பண்டிகைக்காகக் குளிப்பாட்டியபோது கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கொடியில் காயப்போட்டிருந்தேன். என் தொலைபேசி எண் பொறித்த வில்லை அதில்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டுத் தீபாவளியின் நேரக்கணக்கே மாறிவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் மட்டுமே அனுமதித்ததைத் தொடர்ந்து, தமிழக அரசு காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் அனுமதித்து வருகிறது. ஆனால் எங்கள் தெருவில் விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு முதல் சரத்தைக் கொளுத்திவிடுவார்கள். எனவே மூன்றரை மணிக்கே, கழுத்துப்பட்டையிலும் மார்புப்பட்டையிலும் தனித்தனிக் கயிறு கட்டி அவளை வெளியே அழைத்துச் சென்று வருகிறேன். மாலை உணவை நான்கு மணிக்கே கொடுத்துவிடுகிறேன், ஏனெனில் சத்தம் தொடங்கிய பிறகு அவள் தட்டின் பக்கமே திரும்புவதில்லை. சன்னல் இல்லாத நடு அறையில், பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் என் பழைய போர்வையை விரித்து, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுகிறோம். அவள் அங்கே ஒடுங்கிக்கொண்டால் யாரும் இழுத்து வெளியே எடுக்கக் கூடாது என்பது வீட்டின் கண்டிப்பான விதி.

பயப்படும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயப்படுவதே அதற்குப் பழக்கமாகிவிடும் என்று சொல்லக் கேட்டு, முதலில் நானும் விலகியே இருந்தேன். அது தவறு என்று பிறகுதான் புரிந்தது. அருகில் அமர்ந்து முதுகில் கை வைத்திருந்தால், அவளுடைய நடுக்கம் மெல்லத் தணிவதை உள்ளங்கையிலேயே உணர முடிகிறது. நம் காதுக்கு எட்டும் ஒலி 20,000 ஹெர்ட்ஸுடன் முடிந்துவிடுகிறது, நாய்க்கோ ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபல் என்பது வெடிகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு. அதற்கே நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம் என்றால், அவளுக்கு அது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மதுரையிலிருந்து

ஐயா, மருந்து பற்றி ஒரு சொல். எங்கள் நாய்க்கு ஒரு மருத்துவர் அசிப்ரோமசின் என்னும் மயக்கநிலை தரும் மாத்திரையை மட்டும் கொடுத்தனுப்பினார். அன்றிரவு அவன் சத்தமின்றிக் கிடந்தான், நாங்களும் நிம்மதியடைந்தோம். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் அவனுடைய கண்கள் மட்டும் அகல விரிந்து சுழன்றதை என் மகள்தான் முதலில் கவனித்தாள். அம்மருந்து உடலைக் கட்டிப்போடுமே தவிர அச்சத்தைப் போக்காது, ஆகவே தனியாகக் கொடுப்பது தகாது என்று அடுத்த ஆண்டு வேறொரு மருத்துவர் விளக்கி, அவனுடைய எடையையும் இதயத்தையும் பரிசோதித்து, பதற்றத்தையே குறைக்கும் டிரசோடோன் எழுதிக்கொடுத்தார். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே, அமைதியான ஒரு நாளில் அதைக் கொடுத்துப் பார்க்கவும் சொன்னார். தயவுசெய்து யாரும் வீட்டிலுள்ள மனிதர்களின் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து

எங்களிடம் இருப்பது பூனை. அது ஓடவில்லை, பரணில் ஏறி பித்தளை அண்டாவுக்குள் சுருண்டுகொண்டது. மறுநாள் மதியம் வரை இறங்கவே இல்லை. இப்போது முதல்நாளே அந்த அண்டாவைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே துணி விரித்து, அருகில் தண்ணீரும் மண்தட்டும் வைத்துவிடுகிறேன். கொசுவலை அடித்த சன்னலை நம்ப வேண்டாம், கிழித்துக்கொண்டு வெளியேறிவிடும்.

சிவகங்கை மாவட்டத்திலிருந்து

நாங்கள் மாடு வைத்திருப்பவர்கள். தொழுவத்தில் வைக்கோல் போர் இருப்பதால் எங்களுக்கு ராக்கெட்தான் பெரும் அச்சம். வெடிக்கு மிரண்ட கன்று கயிற்றில் சுற்றிக்கொண்டு கழுத்து இறுகியதை ஒருமுறை கண்ணால் கண்டேன். அன்றிலிருந்து தீபாவளி இரவில் கன்றை முளையில் கட்டுவதில்லை, அடைப்புக்குள் அவிழ்த்துவிடுகிறோம். எங்கள் மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காக ஊரே பல்லாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே பெண் கொடுத்திருக்கும் என் பெரியப்பா, தீபாவளிக்கு அந்த ஊருக்குப் போனால் கொக்குச் சத்தம்தான் கேட்கும் என்பார்.

மீண்டும் தாம்பரத்திலிருந்து

மதுரை நண்பருக்கு நன்றி, மருந்து பற்றி எனக்கும் இந்தத் தெளிவு இருந்ததில்லை. இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். புரட்டாசி தொடங்கியதும், கைப்பேசியில் பதிவு செய்த வெடிச்சத்தத்தை, செவலை காதை உயர்த்தி உற்றுக் கேட்கும் அளவுக்கு மட்டும் மெல்ல ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு ஒலிக்குப் பின்னும் ஒரு துண்டு வேகவைத்த கோழியீரல் கொடுத்து வருகிறேன். சில நாள்களுக்கு ஒருமுறை ஒலியைச் சற்றே கூட்டுவேன், அவள் உதட்டை நக்கிக்கொண்டோ கொட்டாவி விட்டோ முகத்தைத் திருப்பினால் உடனே குறைத்துவிடுவேன். ஐப்பசி மழையின் இடிக்கும் இதே பழக்கம் கைகொடுக்கிறது. கடந்த ஆண்டு மாலை ஏழரை மணிக்கு, வெளியே சரவெடி முடிந்த சிறு இடைவெளியில், பீரோ சந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி, என் கையிலிருந்த ஈரல் துண்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போய்ப் படுத்தாள்.