புதுப்பிப்பு: பழைய கார்பன் தூண்டில் ராடு விறைப்பு இழந்ததா? காரணம் தெரிந்துவிட்டது

பல வருடமாகப் புழங்கும் என் இரண்டு துண்டு கார்பன் ராடு தொளதொளத்துவிட்டது, வயதானால் விறைப்பு குறையுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, எடை கட்டிப் பார்க்கச் சொன்ன யோசனை. அதே மாடலில் அதிகம் புழங்காத ராடு ஒன்று நண்பரிடம் இருந்தது. இரண்டின் கைப்பிடியையும் மேசையில் ஒரே மாதிரி இறுக்கிக் கட்டி, நுனி வளையத்தில் ஒரே ஈயக்குண்டைத் தொங்கவிட்டு, நுனி இறங்கிய இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தேன். என்னுடையது கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது. அப்புறம் துண்டுகளைத் தனித்தனியாகக் கட்டிச் சோதித்தேன். கோடுகளில் வித்தியாசமே இல்லை. ஆக, கார்பன் தளரவில்லை, குறை இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இணைப்பில்.

எதிர்பாராதது இதுதான்: இணைப்பின் வாய்ப்பகுதியில், வார்னிஷுக்கு அடியில், முடி அளவு விரிசல் நீளவாக்கில் ஓடியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விரலால் லேசாக அழுத்தினால்தான் வாய் பிளந்து காட்டியது. நூலை நெருக்கமாகச் சுற்றி எபாக்சி பசை பூசி, நன்றாகக் காய்ந்தபின் மறுபடி எடை கட்டினேன். நுனி நண்பருடைய ராடின் கோட்டிலேயே நின்றது.

ராடைச் சுவரில் சாய்த்து வைக்காதே என்று பதில்களில் வந்த எச்சரிக்கை மூங்கில் ராடுக்குத்தான் மிகவும் பொருந்தும். அது வளைந்தபடியே நின்றுவிடும். கார்பனில் கவனிக்க வேண்டியது கல்லில் மோதிய தடம். விறைப்பு குறையாது, ஆனால் அந்த இடத்தில் ஒருநாள் பட்டென்று ஒடியும்.