புதுப்பிப்பு: தென்காசில இருந்து சென்னை கம்பெனி வேலை
தென்காசிக்கு மாறினா வீட்ல இருந்தே வேலை பாக்க முடியுமான்னு கேட்டிருந்தேன்ல, மாறியாச்சு, எனக்கு செட் ஆயிடுச்சு. நெட் பத்திதான் எல்லாரும் பயமுறுத்துனீங்க, பைபர் லைன் ஒழுங்கா வருது, ஆனா மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்குப் போற கரண்ட் சாயங்காலம்தான் வருது, ரவுட்டருக்கு மட்டும் குட்டி யுபிஎஸ் போட்டா பத்தாது, வீடு பாக்கும்போதே இன்வெர்ட்டர் இருக்கான்னு கேட்டுக்கோங்க. பக்கத்துல மத்தளம்பாறைல ஸோஹோ சாப்ட்வேர் கம்பெனி ஆபீஸ் இருக்குறதால லேப்டாப்போட திரியுறவன இங்க யாரும் வெட்டிப்பயன்னு பாக்குறதில்ல (எங்க பெரியம்மா தவிர). ஆபீசுக்கு வரச்சொன்னா சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் ரயில்ல ஏறி காலைல தாம்பரத்துல இறங்கிக்கலாம், டிக்கெட் கெடைச்சா. ஏர்போர்ட்டுக்கு தூத்துக்குடியோ மதுரையோ போணும், அடிக்கடி பறக்குறவங்களுக்கு சரிப்படாது. இப்ப குத்தால சீசன் வேற, மீட்டிங்ல சாரலப் பாத்துட்டு மேனேஜர் லீவு போட்டு வரேன்னு நிக்கிறாரு.