எதிர்வீட்டு அத்தையும் அம்மாவும்

குழு: பல்லடத்து வீடு
(அழைப்புப் பெயர்கள் என் கைபேசியில் உள்ளபடி)

ஞாயிறு

அம்மா, இரவு 8.12
எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் என்பதால் இப்போது எழுதுகிறேன். வரும் செவ்வாய்க்கிழமை முதல் நானும் எதிர்வீட்டு அத்தையும் எடை குறைப்புக் குழு ஒன்றில் சேர்கிறோம். பூங்காவை ஒட்டிய சமுதாயக் கூடத்தில் வாரம் ஒருமுறை, காலை 6.30 மணிக்குக் கூடுகிறார்கள். ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர் நடத்துகிறார். இப்போது 19 பெண்கள் இருக்கிறார்கள். மாதம் 50 ரூபாய். மற்ற நாட்களில் நாங்களே நடக்க வேண்டும். யோசித்து முடிவு செய்துவிட்டேன், உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

அண்ணன், இரவு 8.15
அம்மா, மிகவும் மகிழ்ச்சி. ஆனால் குழு எதற்கு? அவிநாசி சாலையில் நல்ல உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. ஓராண்டுக் கட்டணத்தை இன்றிரவே கட்டிவிடுகிறேன். உங்களுக்கென்று தனியாகப் பயிற்சியாளர் இருப்பார். போன மாத இரத்தப் பரிசோதனையைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

அப்பா, இரவு 8.19
எனக்கு ஒரே கேள்வி. மாவு விற்பார்களா?

அப்பா, இரவு 8.22
2019இல் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இலவசமாக எடை பார்க்கிறோம் என்று அழைத்தார்கள். பத்து நாட்களில் டப்பா டப்பாவாக மாவு வாங்க வைத்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பதில் அதைக் கரைத்துக் குடிக்க வேண்டும். 5 மாதங்களில் 31,000 ரூபாய் போனது. மாவை நிறுத்திய மறு தீபாவளிக்குள் குறைந்த எடை முழுவதும் திரும்பிவிட்டது. பணம் போனதைவிட, உங்கள் அம்மா அப்போது முகம் வாடி இருந்ததுதான் எனக்கு வலித்தது.

அம்மா, இரவு 8.30
விற்கவில்லை. நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். மாவு, மாத்திரை, கஷாயம் எதையும் யாரும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். அந்த மாவுக்கடையில் எடையை உரக்கப் படிப்பார்கள். எதிர்வீட்டு அத்தையும் அன்று என்னோடு வந்திருந்தாள். அவள் எடையைச் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதன் பிறகு இந்த ஆறு ஆண்டுகளில் அவள் எந்த எடைக்கருவி மீதும் கால் வைக்கவில்லை. முட்டி வலிக்கு மருத்துவரிடம் போனால் எடை பார்ப்பார்கள் என்பதால் அங்கும் போகவில்லை. இந்தக் கூடத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறார்கள். என் எடை என் இணைக்கு மட்டும் தெரியும். அவள் எடை எனக்கு மட்டும்.

பெரியம்மா, இரவு 8.33
இணை என்றால் என்ன அம்மிணி?

அம்மா, இரவு 8.38
அங்கே யாரையும் தனியாகச் சேர்ப்பதில்லை, அக்கா. இருவராக வர வேண்டும். ஒருவர் நோட்டில் மற்றவர் எழுத வேண்டும். ஒரு வாரம் ஒருத்தி வரவில்லை என்றால், அன்று ஒன்பது மணிக்குள் மற்றவள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். திட்டுவதற்கு இல்லை, விசாரிப்பதற்கு. என் இணை அவள். அதனால் உடற்பயிற்சிக் கூடம் வேண்டாம், கண்ணு. அங்கே அவள் வர மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நீ கட்டினாலும் வர மாட்டாள்.

நான், இரவு 8.51
அம்மா, உணவியல் படித்தவளாக எழுதுகிறேன். நீங்கள் எடுத்த முடிவு மிகச் சரியானது. 1999இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைக் கல்லூரியில் படித்தோம். ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி என்ற இருவர் செய்தது. தனியாகச் சேர்ந்தவர்களில் 76 விழுக்காட்டினர்தான் பயிற்சியை முடித்தார்கள். தோழர்களோடு சேர்ந்து, குழுவும் துணை நின்றவர்களில் 95 விழுக்காட்டினர் முடித்தார்கள். குறைத்த எடையை ஆறு மாதம் கழித்தும் முழுதாகக் காப்பாற்றியவர்கள் முதல் வகையில் 24 விழுக்காடு, இரண்டாம் வகையில் 66. அப்பா வருத்தப்பட்டது இதைப் பற்றித்தானே? குறைப்பதைவிடக் கடினம், குறைந்ததைத் திரும்ப விடாமல் வைப்பது.

அண்ணன், இரவு 8.54
சரி, எவ்வளவு குறைய வேண்டும்? இருபது கிலோவா?

நான், இரவு 9.03
இருபது இல்லை. அம்மாவின் உயரம் 154 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. முதல் இலக்கு 5 கிலோ போதும். வெறும் வயிற்றில் சர்க்கரை 112 என்று வந்தது. அது 100 முதல் 125 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இந்த நிலையில் இருப்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வு 2002இல் வந்தது. உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இந்த இரண்டே இலக்குகள். சர்க்கரை நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்விலும், நம் சாப்பாட்டைச் சாப்பிடும் நம் ஆட்களிடமே, பலன் தெளிவாகத் தெரிந்தது. 74இல் 7 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 5 கிலோ.

எதிர்வீட்டு அத்தைக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முட்டி தாங்கும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. நாள் முழுவதும் தையல் எந்திரத்தை மிதிக்கும் அவர் முட்டிக்கு இரண்டு கிலோ கூடப் பெரிய ஓய்வு.

அம்மா, இரவு 9.06
இதை அப்படியே அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

அண்ணன், இரவு 9.20
அம்மா, ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்ததை எங்களிடம் சொல்லியிருக்கலாமே. நாங்கள் இருக்கிறோம் அல்லவா?

அம்மா, இரவு 9.41
எழுதி எழுதி அழித்துவிட்டு இப்போது அனுப்புகிறேன்.

சாப்பாட்டு மேசையில் நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், "அம்மா சாப்பிடுவதே இல்லை, எப்படி எடை ஏறுகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். மதியம் மூன்று மணிக்கு, அப்பா தூங்கும்போது, மீந்த சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்து சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுவேன். வீணாகப் போகக் கூடாது என்று தொடங்கியது. நீங்கள் இருவரும் வெளியூர் போன பிறகு, அந்த மூன்று மணிக்கு வீடு மிகவும் அமைதியாக இருக்கும். சோற்றுக்குப் பிறகு கடலை உருண்டை. ஒன்று, இரண்டு, சில நாள் நான்கு. இதை மருத்துவரிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என்னைக் கூட்டிப்போய்த் தையல் எந்திரத்துக்கு அடியில் இருந்த வர்க்கி டப்பாவைக் காட்டினாள்.

உன்னிடம் சொன்னால் நீ வருந்துவாய், கண்ணு. அவளிடம் சொன்னால் அவளும் சொல்கிறாள். அதுதான் வேறுபாடு.

அண்ணன், இரவு 9.44
புரிகிறது அம்மா. இனி கேட்க மாட்டேன்.

அப்பா, இரவு 9.46
மூன்று மணிக்கு நான் தூங்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறேன். இருவரும் பல்லாங்குழி ஆடலாம்.

நான், இரவு 9.58
அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஜீன் நைடெட்ச் நினைவுக்கு வந்தார். நியூயார்க்கில் இருந்த சாதாரண இல்லத்தரசி. நகராட்சியின் எடை குறைப்பு மருத்துவமனைக்குப் போனார். அங்கே நல்ல உணவுப் பட்டியல்தான் கொடுத்தார்கள். ஆனால் வீட்டில் ஒளித்துவைத்து பிஸ்கட் சாப்பிடுவதை அங்கே அவரால் சொல்ல முடியவில்லை. 1961இல் ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து, அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் கதையைச் சொன்னார்கள். வாராவாரம் கூடினார்கள். 1963இல் அதுவே எடை குறைப்புக் குழுக்களை நடத்தும் நிறுவனமாகி, பிறகு உலகம் முழுவதும் பரவியது. நீங்கள் வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு எடை அதிகம் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 31.

திங்கள்

அமுச்சி (அம்மாவின் அம்மா; மாமாவின் மனைவியான அத்தை தட்டச்சு செய்கிறார்), காலை 7.05
எல்லாவற்றையும் அத்தை படித்துக் காட்டினாள். எனக்கு இது பிடிக்கவில்லை. நான் உன்னை அரை வயிற்றோடு வளர்க்கவில்லை. பஞ்சத்தில்கூட உனக்குக் கம்பங்களி இருந்தது. ஐம்பது வயதில் பட்டினி கிடந்தால் யார் பார்ப்பது?

அம்மா, காலை 7.11
பட்டினி இல்லை, அம்மா. செவிலியர் அம்மாவும் பட்டினி கூடாது என்றுதான் சொன்னார். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ. நீங்கள் எனக்கு எப்படிப் போட்டீர்களோ அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. நம் காட்டில் விளைந்த கொள்ளும் அவரையும் கீரையும்தான் அப்போது நிறையச் சாப்பிட்டோம். அரிசிச் சோறு ஞாயிற்றுக்கிழமைக்கு.

அமுச்சி (அத்தை தட்டச்சு செய்கிறார்), காலை 7.20
அப்படியென்றால் சரி, சாமி. மாமா கோவை வரும்போது நான்கு படி கொள்ளும் இரண்டு படி ராகியும் கொடுத்துவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரிக்கும் பாதி கொடு.

நான், காலை 7.26
அமுச்சி, ராகி நல்லதுதான். ஆனால் களி உருண்டையின் அளவையும் பார்க்க வேண்டும். ராகியானாலும் அரிசியானாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான்.

பெரியம்மா, காலை 7.40
திருப்பூரில் இப்படிக் குழு இருக்கிறதா என்று தேடப் போகிறேன். நான் சர்க்கரைக்கு இரண்டு வேளையும் மாத்திரை போடுகிறேனே, சேரலாமா?

நான், காலை 7.44
பெரியம்மா, கட்டாயம் சேரலாம். ஆனால் முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். நடக்கப் போகும்போது பையில் நான்கு சர்க்கரைக் கட்டி இருக்கட்டும்.

அப்பா, காலை 10.15
கணக்குப் பார்த்தேன். வீட்டில் நாங்கள் இருவர்தான். மாதம் இரண்டரை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம். லிட்டருக்கு 910 கிராம் என்று வைத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம். கிராமுக்கு 9 கலோரி. எண்ணெயிலிருந்து மட்டும் 342 கலோரி போகிறது. நான் சோற்றைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான், காலை 10.31
அப்பா, அருமையான கணக்கு. ஆளுக்கு 20 கிராமுக்கு இறக்கப் பாருங்கள். மாதம் 1.3 லிட்டர் வரும். எண்ணெயைப் பாட்டிலிலிருந்து வாணலியில் ஊற்றாமல் கரண்டியால் அளந்து விட்டால் அதுவே பாதி வேலையை முடித்துவிடும். காப்பியில் சர்க்கரையையும் பாருங்கள். நாளுக்கு நான்கு காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் எட்டுக் கரண்டி.

அப்பா, காலை 10.33
காப்பியை இரண்டாகக் குறைக்கிறேன். சர்க்கரையை ஒரு கரண்டியாக்குகிறேன். அதற்குக் கீழே இப்போதைக்கு முடியாது.

செவ்வாய்

அம்மா, காலை 8.20
போய்வந்தோம். அவள் வாசல்வரை வந்துவிட்டு, வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று தெரியவில்லை, திரும்பிப் போகிறேன் என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிடம் கழித்து அவளே செருப்பைக் கழற்றினாள். திரைக்குப் பின்னால் போனபோது என் கையை விடவில்லை. ஏறி நின்றாள். எண்ணைப் பார்த்தாள். "நான் இதைவிட அதிகம் என்று நினைத்திருந்தேன்" என்று சொல்லி அழுதாள்.

அத்தை, காலை 8.26
படிக்கும்போதே கண் கலங்குகிறது, அண்ணி.

அண்ணன், காலை 8.40
உங்கள் எண்?

அம்மா, காலை 8.43
நோட்டில் இருக்கிறது. நோட்டு அவள் வீட்டில் இருக்கிறது.

நான்கு வாரம் கழித்து, ஞாயிறு

அப்பா, மாலை 5.10
எண்ணெய் நிலவரம்: இந்த மாதம் ஒன்றரை லிட்டரில் முடிந்தது. அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிடுகிறோம். பல்லாங்குழியில் உங்கள் அம்மாதான் தொடர்ந்து ஜெயிக்கிறார்.

அம்மா, மாலை 5.22
இரண்டாவது வாரம் எனக்கு எடை 400 கிராம் ஏறியது. கூட்டத்துக்குப் போகவே மனம் வரவில்லை. ஒன்பது மணிக்கு அவள் வாசலில் வந்து நின்றாள், கையில் என் நோட்டோடு. முந்தைய நாள் சீமந்த வீட்டில் இருவரும் எவ்வளவு உப்புக் காரம் சாப்பிட்டோம் என்று எழுதினோம்.

நான், மாலை 5.25
உப்பு கூடினால் உடம்பில் நீர் தங்கும் அம்மா. ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதல் வாரம் வேகமாக இறங்குவதும் பாதி நீர்தான்.

அண்ணன், மாலை 5.40
அம்மா, பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறேன். உங்களுக்கு நடைக் காலணி வாங்கி வருகிறேன். எதிர்வீட்டு அத்தையின் கால் அளவு என்ன?

அம்மா, மாலை 5.43
எனக்கு 7, அவளுக்கு 6. ஆனால் உடனே வாங்காதே. சும்மா கொடுத்தால் வாங்க மாட்டாள். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா, மாலை 6.30
கேட்டேன். தையல் கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்றாள். வரும்போது சட்டைத் துணி மூன்று எடுத்து வா. கழுத்து அளவு பழையதுதானா என்றும் கேட்கச் சொன்னாள்.