பேன் வேண்டாம், நகர்த்து போதும்

> 'பேன்' என்பதற்கு 'அகல்நோக்கு' வைக்கலாம். மூலம் பனோரமா. பொருள் கெடாது.
>
> 'உலா' இன்னும் அழகு. 'படவுலா' என்று புணர்ச்சியும் இடறாமல் வருகிறது.

நண்பர்களுக்கு வணக்கம்.

திரையில் வரைபடத்தை அங்குமிங்கும் நகர்த்துவதை ஆங்கிலத்தில் பேன் (pan) என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நாலு நாளாக வாசிப்பதோடு நின்றிருந்தேன். வாயைத் திறக்க வைத்தது ஒரு சிரிப்பு. போன வாரம் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்துப் பெரியவரிடம் எங்கள் இணைய வரைபடத்தைக் காட்டப் போயிருந்தேன். தோட்டத்தின் எல்லையை அவரவரே போனில் வரைந்துகொள்ளும் சின்னச் செயலி. "இப்ப பேன் பண்ணுங்கய்யா" என்றேன். உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மா, "யாருக்கு?" என்றார். ஒலியை அப்படியே தமிழில் எழுதினால் போதும் என்ற கட்சிக்கு என் பதில் அவ்வளவுதான்.

அகல்நோக்கு எனக்கு ஒட்டவில்லை. பனோரமாவிலிருந்து பிறந்து, சினிமாக் கேமரா வழியாகக் கணினிக்கு வந்த சொல் பேன். கேமராவைத் திருப்புவதற்குப் பெயரான அன்றே அகன்ற காட்சி என்ற பொருள் அதிலிருந்து உதிர்ந்துவிட்டது. நன்றாகப் பெரிதாக்கிய படத்தை ஒரு விரற்கடை தள்ளினாலும் பேன்தான். அதில் அகலம் எங்கே? ஆங்கிலச் சொல்லின் தாத்தாவைத் தேடிப் போய் மொழிபெயர்ப்பது நமக்குப் பழகிப்போன வியாதி.

உலாவுக்கு முதலில் கை தூக்கியவன் நானேதான். பொத்தானில் அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். பெரியவரின் மகன் பார்த்துவிட்டு, "லேடீஸ் சீட், போட் ஹவுஸ் எல்லாம் இதுல வருமாண்ணே?" என்றான். சுற்றுலாக்காரர்கள் வந்துபோகும் ஊரில் உலாவுக்கு வேறு பொருள் ஏது? போதாததற்கு உலாவி, உலாவல் இரண்டையும் பிரவுசருக்குக் கொடுத்து முடித்தாயிற்று.

'இழு' போதும் என்ற அக்காவுக்கு: இழுப்பது கையின் வேலை. பேன் என்பது படத்துக்கு நேர்வது. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வருமுன் இணைய வரைபடங்கள் பலவற்றில் ஓரங்களில் அம்புக்குறிதான் இருக்கும். அதை அழுத்தினால் பக்கம் மறுபடி ஏறி, படம் ஒரு கட்டம் தள்ளி வரும். யாரும் எதையும் இழுக்கவில்லை, ஆனாலும் அது பேன்தான். இணைய வரைபடம் செய்ய உதவும் லீஃப்லெட் நிரல்தொகுப்பில் இப்போதும் அம்பு விசையைத் தட்டியே படத்தை நகர்த்தலாம். இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வகுத்த நெறிமுறை டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG). 2023 அக்டோபரில் வந்த அதன் 2.2 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இழுத்தே தீரவேண்டிய வேலையாக இருந்தாலொழிய, இழுத்துச் செய்வதையெல்லாம் வெறும் தொடுதலாலும் செய்ய வழி வேண்டும் என்கிறது. 'இழு' என்று பெயர் வைத்துவிட்டு அம்புப் பொத்தானை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

'தள்ளு'வுக்கும் 'இழு'வுக்கும் இன்னொரு கோளாறு திசை. "கெழக்க போப்பா, ரோட்டுக்கு அந்தாண்ட" என்கிறார் பெரியவர். கிழக்குப் பக்கம் திரைக்கு வர மகனின் விரலோ மேற்கே போகிறது. அப்பா மலையில் நடக்கிறார், மகன் காகிதத்தைப் பிடித்து அசைக்கிறான். இரண்டு பேரும் சரி. திசை ஒட்டாத சொல்லாக இருந்தால்தான் இருவருக்கும் பொருந்தும்.

உண்மையான தலைவலி இனிமேல்தான். தோட்டத்து எல்லையை முனை முனையாகத் தொட்டு வரைய வேண்டும். சில்வர் ஓக் நிழலுக்கு அடியில் காபிச் செடி. மேலிருந்து எடுத்த படத்தில் வேலி தெரியாது, நன்றாகப் பெரிதாக்கினால்தான் ஏதோ ஒரு தடம் பிடிபடும். ஒவ்வொரு நிலை பெரிதாக்கும்போதும் திரையில் தெரியும் நிலம் நாலில் ஒரு பங்காகக் குறையும். பிறகு தோட்டம் எங்கே திரையில் அடங்குவது? நாலு முனை வைப்பது, படத்தை நகர்த்துவது, மறுபடி நாலு முனை. ஆக, வரைகிற வேலைக்கு நடுவிலேயே பேன் வந்தாக வேண்டும். தொட்டு எடுத்தால் முனை, தொட்டபடி நகர்ந்தால் பேன். இரண்டையும் பிரிப்பது சில பிக்சல்தான். லீஃப்லெட்டில் மவுஸ் சொடுக்குக்கு விட்டுக்கொடுப்பது, நாம் மாற்றாதவரை, 3 பிக்சல். கவாத்துக் கத்தி பிடித்துக் காய்ப்பேறிய விரலுக்கு அது எந்த மூலைக்கு? நாங்கள் தாராளமாகக் கூட்டி வைத்துக்கொண்டோம்.

பெரியவர் பொறுமையாக 14 முனை வைத்து எல்லையை மூடிவிட்டார். அந்தப் பக்கத்துக் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்று நடுவில் விரலை வைத்து இழுத்தார். படம் அசையவில்லை. வரைந்த எல்லை மொத்தமும் கிளம்பி, ரோட்டைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்தில் போய் உட்கார்ந்தது. பொத்தானில் 'நகர்த்து' என்று எழுதியிருந்தோம். எதை நகர்த்த என்று எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "ஏம்ப்பா, எங்காட்டைப் பேத்துக்கிட்டுப் போயி அடுத்தவன் காட்டுல வச்சுட்டியே. சர்வே கல்லைப் பேத்தாலே கேஸு, இங்க காடே போச்சு."

பேத்து. நாலு நாளாக நாம் தேடியது எனக்கு அங்கே கிடைத்தது.

படத்துக்கு 'நகர்த்து'வே இருக்கட்டும். "மேப்பைக் கொஞ்சம் நவுத்து" என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். மாற வேண்டியது மற்றது. வரைந்த உருவை மொத்தமாக இடம் மாற்றுவதற்குப் 'பெயர்த்து வை' என்று கொடுப்போம். படத்தை ஒரு நாளில் நூறு முறை நகர்த்துகிறோம், எல்லையை முழுதாகப் பெயர்ப்பது வருஷத்தில் ஒருமுறை வந்தாலே அதிகம். கல்லைப் பெயர்ப்பது என்றால் காடு வைத்திருக்கும் யாருக்கும் நெஞ்சு ஒரு நொடி திக்கென்னும். அந்தப் பொத்தானை அழுத்துமுன் திக்கென்னத்தான் வேண்டும். ஒரே ஒரு முனையை மாற்ற 'முனையை இழு'.

சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து

* * *

> மொத்தமாக இடம் மாற்றுவதற்குப் 'பெயர்த்து வை' என்று கொடுப்போம்.

தம்பிக்கு,

சொல் பிடித்திருக்கிறது. இலக்கணம் ஓரிடத்தில் இடிக்கிறது. இதன் ஏவல் 'பெயர்' என்று வரும். பொத்தானில் 'பெயர்' என்று மட்டும் இருந்தால் உங்கள் பெரியவர் தன் பெயரைத் தட்டிவிட்டுக் காத்திருப்பார். அதனால் 'வை'யை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். 'வை' இல்லாத பெயர்த்தல் சுவரைப் பெயர்ப்பது போல உடைத்தெடுப்பதோடு நின்றுவிடும். நம் கலைச்சொல் பட்டியலில் பெயர்ச்சொல்லாகப் 'பெயர்ப்பு' போடலாம். மொழிபெயர்ப்பில் செய்வதும் அதுதானே, ஓரிடத்தில் இருப்பதை எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது.

தன்வினை, பிறவினை என்று பிரித்துப் படத்துக்கு 'நகர்', உருவுக்கு 'நகர்த்து' என வைக்கலாமா என்று நேற்று ராத்திரி யோசித்தேன். சேலம் மேப்பைத் திறந்தேன். திரும்பிய பக்கமெல்லாம் ஏதோ ஒரு நகர். மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

ஓமலூர்

* * *

'இழு' சொன்ன அக்கா நான்தான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் சொல்லை மட்டும் மாற்றிவிட்டுக் கை கழுவ முடியாது. உருவுக்குள் விரலை வைத்து இழுத்தாலும் எப்போதும் படம்தான் நகர வேண்டும். பெயர்க்க நினைப்பவர் முதலில் பொத்தானை அழுத்தட்டும். பழைய இடம் புள்ளிக்கோடாகத் தெரியட்டும், பக்கத்திலேயே 'பழைய இடத்துக்கே' என்று ஒரு பொத்தான் இருக்கட்டும். கணினியில் சுட்டி விரிந்த கையாகவும் மூடிய கையாகவும் மாறி, பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று காட்டிக் கொடுக்கும். போனில் சுட்டியே கிடையாது, பொத்தானில் இருக்கும் சொல்லை நம்பித்தான் விரல் இறங்குகிறது. அதனால் 'பெயர்த்து வை'க்கு என் ஓட்டு.

* * *

அக்கா சொன்னபடி மாற்றியாயிற்று. இப்போது உருவுக்குள் இழுத்தாலும் படம்தான் நகர்கிறது. ஓமலூர் ஐயா சொன்ன 'வை'யும் தப்பிவிட்டது. பட்டியலில் பேனுக்கு நகர்த்தல், உருவை இடம் மாற்றுவதற்குப் பெயர்ப்பு, கையால் செய்யும் சைகைக்கு இழுத்தல் என்று ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

இன்னொன்று. எல்லை வரையும் பொத்தானில் 'வரை' என்று எழுதியிருக்கிறோம். பெரியவர் அதைத் தொடாமலே, "எது வரைக்கும்?" என்று கேட்டார். வரை என்றால் மலை என்றும் பொருள் உண்டு என்று ஐயா ஆரம்பிப்பதற்குள் அதற்குத் தனி இழை திறந்துவிடுகிறேன்.