பிரிக்காத பாக்கெட்டும் பெற்றோரின் இரு கட்சியும்

மயிலாடுதுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் கார்ட்டூன் உயிரினங்களை அச்சிட்ட போக்கிமான் விளையாட்டுக் கார்டுகளின் மீது பித்து பிடித்ததிலிருந்து, மாலையில் வாசலில் கூடிப் பேசும் பெற்றோர் இரு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். இதில் வேடிக்கை என்னவென்றால், அதிகமாகக் கடிந்துகொள்பவர்களில் சிலர், உள்ளே கிடக்கும் டாசோ என்ற படவட்டுக்காக மட்டும் சிப்ஸ் பாக்கெட் வாங்கிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள்.

ஆதரிப்பவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை. ஆங்கிலப் பாடத்தைத் தொடவே மறுத்த எதிர்வீட்டுப் பையன், கார்டில் உள்ள பொடி எழுத்துகளை எழுத்துக்கூட்டியாவது படிக்கிறான். வட்டம் போட்டது எளிதில் கிடைப்பது, நட்சத்திரம் போட்டது அரிது என்று என் மகளும் தரம் பிரித்து அடுக்குகிறாள். ஆனால் முறையான ஆட்டத்துக்கு 60 கார்டு கொண்ட கட்டு வேண்டும். அப்படி விதிப்படி ஆடுகிற பிள்ளை எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. சேர்ப்பதும் மாற்றுவதுமே இங்கே ஆட்டம்.

சண்டை மூண்டதும் அந்த மாற்றத்தில்தான். துலா உற்சவக் கடைகளில் விற்ற தங்கநிறப் போலி கார்டுகள் ஐந்தைக் கொடுத்து, பெரிய பையன் ஒருவன் சிறியவனிடமிருந்து அசல் நட்சத்திரக் கார்டு ஒன்றை வாங்கிவிட்டான். அசலில், அந்த உயிரினம் எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் உயிர்ப்புள்ளி மூன்று இலக்கத்தைத் தாண்டாது. போலியில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருந்ததால் சின்னவன் மயங்கிவிட்டான். அவன் அம்மா பொருமினார். அவன் அப்பாவோ, "கடைத்தெருவில் ஏமாறுவதைவிடத் தெருவில் ஏமாறட்டும், விடு" என்றார். பெரியவர்கள் வழக்கை முடிக்குமுன், மறுநாள் மாலைவரை மாற்றியதைத் திருப்பிக் கேட்கலாம் என்று பிள்ளைகளே ஒரு விதி செய்துகொண்டார்கள். நாங்கள் யோசித்திருந்தால் இவ்வளவு நல்ல விதி வந்திராது.

எனக்குக் கார்டின் மீது கோபமில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுக்க வைக்கும் பாக்கெட்டின் மீதுதான் கோபம். 1999-இலேயே அமெரிக்காவின் சான் டியேகோவில் சில பெற்றோர் இது சூதாட்டம் என்று வழக்குத் தொடுத்தார்கள். மூடிய பெட்டியில் விற்கும் லபுபு பொம்மையிலும் அதே உத்திதான்: பல தொகுப்புகளில் இரகசிய பொம்மை 72 பெட்டிக்கு ஒன்று என்ற விகிதத்தில் வருகிறது. ஆறு வகை சமமாகக் கலந்திருந்து, ஒவ்வொன்றாகக் கண்ணை மூடி எடுத்தால், ஆறும் சேரச் சராசரியாக 14, 15 முறை எடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்கை மகளுக்குப் பகடையை உருட்டிக் காட்டினேன். அவள் பகடையைத்தான் ரசித்தாள்.

"ஆண்டுதோறும் கொலுவுக்கு நாமும்தானே பொம்மை சேர்க்கிறோம்?" என்று என் மாமியார் பேத்திக்குப் பரிந்து பேசினார். சேர்க்கிறோம்தான், ஆனால் மூக்கு உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே தசாவதாரச் செட்டுக்குப் பணம் கொடுக்கிறோம். வைக்கோல் சுற்றிய பொட்டலத்தை அப்படியே வாங்கி, வராகத்துக்குப் பதில் நான்காவது முறையாக வாமனரே வந்தால் அத்தை சும்மா இருப்பாரா?

ஆகவே எங்கள் வீட்டில் முகம் தெரிய விற்கும் தனிக் கார்டுகளுக்கு மட்டுமே அனுமதி. பிரிக்கும்போது வரும் படபடப்பே போய்விட்டது என்று மகள் முறையிடுகிறாள். அவள் சொல்வது உண்மைதான், நான் தடுக்க நினைத்ததும் அதைத்தான். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரே ஒரு பாக்கெட் என்று என் மனைவி இதற்குள் வாக்குக் கொடுத்துவிட்டார்.