ஞாயிறு எங்க போறது? அம்மாவின்ர சேர்ச்சோ, இவரின்ர கோயிலோ?

மானிப்பாய்க்காரி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டி எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் 11 வருசம் கொழும்பில வேலை செய்திட்டு போன தையில மாற்றம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தனான். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), இவர் கத்தோலிக்கம், குருநகர்ப் பக்கம். கொழும்பில இருக்கேக்க உது ஒரு பிரச்சினையாவே இருக்கேல்லை, ஏனெண்டால் உண்மையைச் சொன்னால் நாங்கள் ரெண்டுபேருமே ஒழுங்காப் போறேல்லை, நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் எங்க கிட்டவோ அங்க போவம், அவ்வளவுதான். இங்க வந்தாப்பிறகு அப்பிடி ஏலுமே? ஞாயிறு போகாட்டில் திங்கள் சந்தையில வைச்சுக் கேக்கினம், சுகமில்லையோ பிள்ளை எண்டு.

மகளுக்கு 7 வயசு. மாமி அவளை முதல் நன்மை (முதன்முதலா நற்கருணை வாங்கிறது) வகுப்புக்குச் சேர்க்கவேணும் எண்டு நிக்கிறா. வகுப்பு ஞாயிறு காலமைப் பூசை முடிய. எங்கட சேர்ச் ஆராதனை 8.30க்கு. அதை மாத்தச் சொல்லியும் கேக்க ஏலாது, எங்கட ஐயருக்கு (போதகர்) ரெண்டு சபை, 7 மணிக்கு ஒண்டை முடிச்சுப்போட்டு மோட்டச்சைக்கிளில ஓடிவாறவர், சில நாள் ஹெல்மெட்டைக் கழட்டின கையோட அங்கியைப் போடுவார்.

எங்கட சேர்ச் எப்பிடியெண்டு சொன்னால்தான் என்ர அந்தரம் விளங்கும். ரெண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு வாங்கு. வாற சனம் இருபது, இருபத்தைஞ்சு. ஆனா ஒருத்தரும் முன்னுக்கு வந்து சேர்ந்து இருக்கமாட்டினம், அவையவை தங்கட தாய் தேப்பன் இருந்த இடத்திலதான், அதால இங்க ஒரு தலை அங்க ஒரு தலை. அறிவித்தல் வாசிக்கேக்க போன கிழமை வந்தாக்களின்ர தொகையும் காணிக்கையும் வாசிப்பினம். நான் வந்த முதல் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு 24 எண்டு வாசிக்க, ஆர்மோனியத்தில இருந்த அம்மா திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சவ. அதுக்கு முதல் கிழமை 22. கூடின ரெண்டும் நானும் மகளும்தான். அந்தச் சிரிப்பைப் பாத்தாப்பிறகு எப்பிடி வரமாட்டன் எண்டு சொல்லுறது?

பாட்டு இலக்கம் போடுற பலகையில 9 துலைஞ்சுபோச்சு, நான் சின்னனா இருக்கேக்கையே துலைஞ்சது, இன்னும் 6ஐத்தான் தலைகீழாக் கொழுவுகினம்.

இவர் ஒண்டும் சொல்லமாட்டார், "உன்ர விருப்பம்" எண்டுவார், அது உதவியில்லை எண்டு கலியாணம் கட்டின ஆக்களுக்குத் தெரியும். மகள்தான் கேள்வி கேக்கிறாள். அப்பம்மா வீட்டுச் சிலுவையில இயேசு இருக்கிறார், அம்மம்மான்ர சேர்ச் சிலுவையில இல்லை, எங்க போட்டார் எண்டு. நான் உயிர்த்தெழுந்திட்டார் எண்டன். அப்ப அப்பம்மா வீட்டில இன்னும் எழும்பேல்லையோ எண்டு கேக்கிறாள்.

இப்பிடி ரெண்டு பக்கமும் உள்ள ஆக்கள் என்ன செய்யிறனீங்கள்?

கரையூரான் எழுதினது:

தங்கச்சி, உங்கட மகளின்ர கேள்விக்குப் பாதரும் பதில் சொல்லமாட்டார் 😀

நான் குருநகர்தான். முதல் விசயம், பாதரிட்ட நீங்களும் மனுசனும் நேர போய்க் கதையுங்கோ. மாமியை அனுப்பாதேங்கோ. மாமியள் போனால் கேள்வியும் மாறிவரும் பதிலும் மாறிவரும்.

ரெண்டாவது, எங்களுக்கு சனி பின்னேரப் பூசை கண்டாலே ஞாயிறு கடன் தீர்ந்தது, அது திருச்சபைச் சட்டத்திலயே இருக்கு. அதால பூசை ஒரு பிரச்சினையில்லை, வகுப்புத்தான் பிரச்சினை. வகுப்பு நேரம் பங்குக்குப் பங்கு வித்தியாசம், சில இடத்தில பூசைக்கு முதல், சில இடத்தில பின்னேரம். கேட்டுப்பாத்தால்தான் தெரியும்.

மூண்டாவது, நீங்கள் கலியாணம் கட்டேக்க உங்கட மனுசன் ஒரு வாக்குக் குடுத்திருப்பார், தன்னால ஏலுமானமட்டும் பிள்ளையளைக் கத்தோலிக்கமா வளப்பன் எண்டு. முந்தி ரெண்டுபேரும் எழுதிக் குடுக்கவேணும், 1970க்குப் பிறகு கத்தோலிக்க ஆள் மட்டும்தான், மற்ற ஆளுக்கு விசயத்தைத் தெரியப்படுத்துவினம், அவ்வளவுதான். அதால மாமி கேக்கிறதில ஞாயம் இருக்கு. ஆனா அந்த வாக்கில அம்மம்மான்ர சேர்ச்சுக்குப் போகக்கூடாது எண்டு எங்கயும் இல்லை. பிள்ளைக்கு எங்க ஞானஸ்நானம் குடுத்தனீங்கள்? சி.எஸ்.ஐ.யில எண்டாலும் திரும்பக் குடுக்கமாட்டினம், அதையும் ஏற்கினம்.

எங்கட பக்கம் ஞாயிறு வேற மாதிரி. சனி இரவு தொழிலுக்குப் போறேல்லை, வள்ளமெல்லாம் கரையில. காலமைப் பூசைக்குப் பொம்பிளையள் உள்ளுக்க, ஆம்பிளையள் பாதிப்பேர் வெளியில மரத்துக்குக் கீழ மோட்டச்சைக்கிளில இருந்தபடி ஸ்பீக்கரில பூசை காணுவினம், பிரசங்கம் துவங்க ரீக்கடைப் பக்கம் ஒரு நடை. நானும் அதில ஒராள்தான், மறைக்கேல்லை. நீங்கள் வராட்டில் எங்கட கோயிலில ஒருத்தருக்கும் தெரியவராது. அதையும் யோசியுங்கோ.

உடுவில் ரீச்சர் எழுதினது:

பிள்ளை, நான் 34 வருசம் படிப்பிச்சு இளைப்பாறினனான், சண்டே ஸ்கூலும் அவ்வளவு காலம் எடுத்தனான். கரையூரான் கடைசியா எழுதினதைத்தான் நானும் எழுத வந்தனான்.

எங்கட சபைக்கு வேரான அமெரிக்கன் மிசன் 1816இல வந்து தெல்லிப்பழையிலயும் வட்டுக்கோட்டையிலயும் இடிஞ்சு கிடந்த ஒல்லாந்தர் காலத்துக் கோயிலுகளைத் திருத்தித்தான் துவங்கினது. உங்கட மானிப்பாயில டொக்டர் கிறீன் தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர். 1947இல தென்னிந்தியத் திருச்சபை உருவாகேக்க இலங்கையில இருந்து சேர்ந்தது எங்கட யாழ்ப்பாண ஆதீனம் (மறைமாவட்டம்) மட்டும்தான், இங்கத்தை மெதடிஸ்தும் அங்கிலிக்கனும் சேரேல்லை. அதால நாங்கள் எப்பவுமே சின்னக்கூட்டம்தான். பிறகு சண்டை, வெளிநாடு எண்டு போக இன்னும் சின்னனாப்போனம். தெல்லிப்பழைப் பக்கம் 1990இல எழும்பின சனம் எத்தினை வருசத்துக்குப் பிறகு திரும்பினது எண்டு உங்களுக்குச் சொல்லத்தேவையில்லை.

ஒண்டு சொல்லுறன். 1995 ஐப்பசி (ஒக்ரோபர்) 30 இரவு சண்டையால வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததே, நாங்கள் போய்ச் சேர்ந்தது சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். முதல் ஞாயிறு வந்தது. ஒரு வகுப்பறை, ஒரு மேசை. காலமை ஒரு பாதர் அதில பூசை வைச்சார். அவர் முடிச்சு மெழுகுதிரியை எடுக்கப் போக எங்கட ஐயர் "இருக்கட்டும் பாதர்" எண்டார். அதே மேசை, அதே மெழுகுதிரி, எரிஞ்ச மிச்சத்தில எங்கட ஆராதனை. ரெண்டையும் பின்வாங்கில இருந்து கண்ட சைவச்சனமும் இருந்தது, அவையும் பாவம் எங்க போறது.

அதால ரெண்டுக்கும் போங்கோ. பிள்ளை குழம்பும் எண்டு பயப்பிடாதேங்கோ. பிள்ளையள் குழம்பிறேல்லை, அப்பம்மாவும் அம்மம்மாவும் ஆளுக்கொரு கதை சொன்னால்தான் குழம்பும். திருவிருந்து மட்டும் கவனம். பூசையில நீங்கள் நன்மை எடுக்க ஏலாது. கையைக் குறுக்கக் கட்டிக்கொண்டு போனால் பாதர் ஆசீர்வாதம் குடுப்பார், சும்மா பின்னுக்கு இருந்தாலும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். தை (ஜனவரி) 18 துவங்கி 25 வரைக்கும் கிறிஸ்தவ ஐக்கிய வாரம், அந்தக் கூட்டத்துக்கு மாமியையும் அம்மாவையும் ஒரே ஓட்டோவில ஏத்திக்கொண்டு போங்கோ, மிச்சத்தை அவை பாப்பினம்.

சுழிபுரம் பெடியன் எழுதினது:

ரீச்சர் குறை நினைக்காதேங்கோ, மற்றப் பக்கத்தையும் ஒராள் சொல்லவேணும். நானும் இப்பிடி ஒரு சின்னச் சபையில பிறந்து வளந்தனான், பேர் சொல்லேல்லை. இப்ப போறது ஒரு சுயாதீன சபைக்கு. மூண்டு மணித்தியாலம், ட்ரம்ஸ், கிற்றார், வானில வந்து ஏத்தி இறக்குவினம். ஏன் போனனான்? என்ர வயசில பழைய சபையில ஒருத்தரும் இல்லை. வாங்கு தூக்கிறதுக்கும் நத்தாருக்குச் சவுக்குமரம் வெட்டிறதுக்கும் மட்டும்தான் "தம்பி வாரும்". ஒரு கீபோட் வாங்குவம் எண்டு கேட்டன், ரெண்டு வருசம் கூட்டம் வைச்சவை, கடைசியா வாங்கினது ஒரு அலுமாரி!! உள்ளுக்க வைக்க ஒண்டுமில்லை.

ஆனா அக்கா உண்மையைச் சொல்லோணும், புதுச் சபையில நான் வராத கிழமை ஒருத்தரும் கேக்கேல்லை, வட்ஸ்அப்பில ஒரு வசனம் வரும், அது எல்லாருக்கும்தான் வரும். பழைய சபையில எண்டால் பின்னேரம் சைக்கிளில வந்து படலையைத் தட்டிப்போடுவினம், அது அப்ப சரியான கரைச்சலா இருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் நான் இன்னும் பழைய சபைக்குத்தான் போறனான். போன வருசம் எங்கட அம்மா காணிக்கையா வைச்ச பூசணிக்காயை லண்டனில இருக்கிற சித்தப்பா வட்ஸ்அப்பில ஏலம் கேட்டவர், இங்க இருந்து ஒரு மாமா விடமாட்டன் எண்டு ஏத்த, அது 9,500க்குப் போனது. எடுத்தது சித்தப்பா. பூசணிக்காயைக் கறி வைச்சுத் திண்டது அந்த மாமா.

மகளுக்கு உங்கட சேர்ச்சில செய்ய ஏதாவது ஒரு வேலை எடுத்துக் குடுங்கோ. சும்மா கொண்டுபோய் இருத்தினால் அவளும் என்னை மாதிரித்தான் வெளிக்கிடுவாள்.

பனங்கொட்டை எழுதினது:

நான் சைவம், சும்மா வாசிச்சுக்கொண்டிருந்தனான், ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். கிழமைக்குக் கிழமை ஒரு நாளில கூடிப் பிரசங்கம் கேக்கிற பழக்கம் உங்களிட்ட இருந்துதான் எங்களுக்கும் வந்தது. ஆறுமுக நாவலர் மெதடிஸ்து மிசன் பேர்சிவல் பாதிரியாரோட இருந்து பைபிள் மொழிபெயர்ப்பு வேலை செய்தவர், அவை என்ன செய்யினம் எண்டு வடிவாப் பாத்திட்டு 1847 மார்கழி (டிசம்பர்) 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில தன்ர பிரசங்கத்தைத் துவக்கினார், பிறகு வெள்ளிக்கு வெள்ளி. இப்ப எங்கட அறநெறி வகுப்புக்கும் உங்கட சண்டே ஸ்கூலுக்கும் ஒரே எதிரி, ஞாயிறு ரியூசன். அதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ முதல்ல.

கரையூரான் எழுதினது:

பனங்கொட்டை அண்ணை, ரியூசனுக்கு மாதாவாலயும் ஏலாது, முருகனாலயும் ஏலாது. தங்கச்சி, பாதரிட்ட போனனீங்களோ? வந்து சொல்லுங்கோ.

மானிப்பாய்க்காரி எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. மூண்டு கிழமை கழிச்சு வந்து எழுதிறன், மன்னியுங்கோ.

நாங்கள் ரெண்டுபேரும் போய் பாதரிட்ட கதைச்சம். நான் பயந்த மாதிரி ஒண்டுமில்லை. வகுப்பு பூசை முடிஞ்ச கையோட 7 மணிக்கு, 8 மணிக்கு விட்டிடுவினம். உங்கட அம்மான்ர சேர்ச்சில ஆர்மோனியம் ஆர் வாசிக்கிறது எண்டு கேட்டார், அம்மாதான் எண்டன், தன்ர பாட்டுக்குழுவில கீபோட் பெடியன் ரியூசனுக்குப் போறானாம், அம்மா வருவாவோ எண்டு பகிடியாக் கேட்டார். அம்மாவுக்குச் சொன்னன். அவ பகிடியா எடுக்கேல்லை, என்ன பாட்டெல்லாம் படிக்கினம் எண்டு விசாரிக்கிறா.

முதல் ஞாயிறு 8.50க்குத்தான் வந்து சேர்ந்தம், ரெண்டாம் பாடம் வாசிக்கினம். கதவு கிறீச்சிட எல்லாத் தலையும் திரும்பினது. அதில இவரும் எங்களை இறக்கிவிட்டிட்டுப் போகாமல் உள்ளுக்க வந்து கடைசி வாங்கில இருந்திட்டார், குருநகர்ப் பழக்கம், வெளியில நிக்க மரமில்லாமல் போச்சாக்கும். அடுத்த கிழமை 25 எண்டு வாசிச்சினம்.

பெடியன் தம்பி சொன்னபடி வேலையும் எடுத்துக் குடுத்தாச்சு. பாட்டு இலக்கம் கொழுவிறது இப்ப மகள்தான். ஸ்ரூலில ஏறி நிண்டு போன ஞாயிறு 196 போடவேண்டின இடத்தில 169 எண்டு போட்டிட்டாள், தலைகீழ் 6 எது நேர் 6 எது எண்டு பிடிபடேல்லை. அம்மா பலகையைப் பாத்து வாசிக்க, சனம் ஐயர் சொன்ன பாட்டைப் படிக்க, ஐயர் கையைக் காட்டி நிப்பாட்டவேண்டி வந்திட்டுது. மகள் அதுக்குப் பிறகு என்னைப் பிடிச்ச பிடி விடுறாள் இல்லை, தனக்கு உண்மையான 9 வேணுமாம்.

மானிப்பாய், சண்டிலிப்பாய்ப் பக்கம் சின்ன வேலை செய்து தாற தச்சு வேலைக்காரர் ஆரையும் தெரியுமோ? நாலு அங்குல உயரம், வேம்பு எண்டாலும் பரவாயில்லை, மேல கொழுவ ஒரு ஓட்டை வேணும்.